சதுர அடிக்கு என்ன ரேட், மோளே?

ஓட்டின் மேல் ராத்திரியில் ஏதாவது நடமாடினால் மற்றவர்கள் பயப்படுவார்கள். வீட்டு எஸ்டிமேட் போடுவதைத் தொழிலாக வைத்திருப்பவள் பயந்துகொண்டே உடையும் ஓடுகளை எண்ணுவாள்.

போன வருஷ மழைக்காலத்தில் ஒரு ராத்திரி நான் அப்படித்தான் எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். முதலில் 'தொம்' என்று ஒரு சத்தம். பிறகு யாரோ ஈரச் சாக்கை இழுத்துக்கொண்டு போவதுபோல. அதற்கும் பிறகு, கைக்குழந்தை சிணுங்குவதுபோல ஒரு குரல். என் மகள் மீனு பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். சிணுங்குவது அவள் இல்லை. கணவருக்கு ரயில்வேயில் வேலை, மாதத்தில் பாதி நாள் ராத்திரி டூட்டி. போன் போட்டேன். எர்ணாகுளத்து ஓய்வறையில் படுத்திருந்தவர், "மரப்பட்டியா இருக்கும் சுபா, நீ தூங்கு" என்றார். மரநாயைத்தான் இந்த ஊரில் மரப்பட்டி என்பார்கள். பெயர் தெரிந்துவிட்டால் பயம் போய்விடுமா என்ன? கான்வென்ட் ஹாஸ்டலில் பேய்க்குப் பயந்தேன், கரமனை வாடகை வீட்டில் மரப்பட்டிக்குப் பயந்தேன், வயசுதான் கூடியிருந்தது.

விடிந்ததும் முடிவு செய்தோம். நேமம் பக்கம் வாங்கிப்போட்டிருந்த சின்ன மனையில் நாமே ஒரு வீடு கட்டிவிடுவது. மேலே கான்கிரீட், எது ஏறி நடந்தாலும் கேட்காது. பேங்க் தருகிற கடன்தான் கையிருப்பு. அதற்கு மேல் கேட்க ஆளும் இல்லை, விற்க நகையும் இல்லை. அதனால் என் எஸ்டிமேட் தப்பினால் வீடு பாதியில் நிற்கும். கடனும் கட்டி வாடகையும் கட்டி, நானும் மீனுவும் அந்த ஓட்டுக்குக் கீழேயே கிடக்க வேண்டியதுதான். தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேல் மாடியில் இருக்கிற எஞ்சினியர் ஆபீஸில் ஊரார் வீட்டுக்கெல்லாம் கணக்குப் போடுகிறவள், தன் வீட்டுக்குப் போட்ட கணக்கை நம்பி இறங்கினேன். வீடு கட்டியவர்களே, கட்டிக்கொண்டிருப்பவர்களே, வாடகை வீட்டில் உட்கார்ந்து தினசரித் தாளின் ஓரத்தில் பிளான் வரைகிறவர்களே, உங்களுக்கு இதெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை.

மத்தியா, நெய்மீனா?

எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உட்காரவே மாட்டார்கள். வாசலில் நின்றுகொண்டே, "சும்மா ஒரு ரஃப் கணக்கு மதி. சதுர அடிக்கு என்ன ரேட், மோளே?" என்பார்கள். மதி என்றால் போதும், மோளே என்றால் மகளே. எனக்குக் கணக்கு சொல்லித் தந்த சிஸ்டர், "ரஃப் ஒர்க்கை வலது ஓரத்தில் காட்டு, கடவுள் அதையும் பார்க்கிறார்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தவர். அதனால் சும்மா ஒரு ரஃப் என்பது எனக்கு வராது. மனை பாறையா, வயல் நிரப்பினதா? லாரி வீடு வரைக்கும் வருமா? கிணறு உண்டா, தோண்டணுமா? கேட்டுக்கொண்டே போவேன். அவர்கள் முகம் சுருங்கிக்கொண்டே போகும்.

ஒரு நாள் வந்த ஒரு பெரியவர் மூன்றாவது கேள்வியிலேயே பொறுமை இழந்துவிட்டார். "ஒரு விலை சொல்றதுக்கு இவ்வளவு விசாரணையா? போலீஸ் ஸ்டேஷனா இது?" என்றார். "அங்கிள், மார்க்கெட்டுக்குப் போய் மீன் என்ன விலைன்னு பொதுவா கேட்பீங்களா? மலிவான மத்தியா, விலை கூடின நெய்மீனான்னு சொன்னாத்தானே விலை?" என்றேன். அவர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மத்தி மதி மோளே. ஆனா பார்க்கறவன் எல்லாம் நெய்மீன்னு சொல்லணும்."

சுற்றளவில் விழுந்த மரணம்

இந்த ஊரில் வீட்டுப் பிளானை எஞ்சினியர் வரைந்தால் மட்டும் போதாது. வாஸ்து பார்க்கிற ஆசாரி ஒருவர் வந்து, வீட்டின் சுற்றளவைக் கோலாகவும் விரலாகவும் மாற்றிப் பார்ப்பார். மனுஷனுக்கு இருப்பதுபோலச் சுற்றளவுக்கும் பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்யம், மரணம் என்று ஐந்து பருவம் உண்டு. முதல் நான்கில் எதில் விழுந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். ஐந்தாவதில் விழுந்தால், பேங்க் கடன் பாஸாகியிருந்தாலும் வீடு எழும்பாது.

ரிட்டயரான ஒரு பள்ளிக்கூட சாரின் வீட்டுக்கு நான் எஸ்டிமேட் முடித்து, கூட்டி, சரிபார்த்து, அடியில் இரட்டைக் கோடும் போட்டுவிட்டேன். மறுநாள் ஆசாரி வந்து பிளானை விரித்துப் பார்த்து, விரல்களை மடக்கி, "இது மரணச் சுற்று" என்றார். சில விரல் நீட்டினால் பால்யத்துக்கு வந்துவிடுமாம். சில விரல்தானே என்று உங்களுக்குத் தோன்றும். அந்தச் சில விரலுக்கு அஸ்திவாரம் நீளும், அதன் மேல் கான்கிரீட் பெல்ட் நீளும், சுவர் நீளும், கூரை பெருகும், பூச்சு கூடும், பெயின்ட் கூடும். ஒரு வரி விடாமல் எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு: ஆசாரியின் கோலையும் விரலையும் அடிக்கு மாற்ற எங்கள் ஆபீஸில் என்னைத் தவிர யாருக்கும் வராது. எஞ்சினியர் சாரே என்னைத்தான் கூப்பிடுவார். (ராத்திரி வீட்டுக்கு வந்து மீனு தூங்கினபிறகு என் நேமம் பிளானையும் மாற்றிப் பார்த்தேன். பயந்தாங்கொள்ளிக்கு வேறென்ன வேலை? யௌவனத்தில் விழுந்திருந்தது. நிம்மதி.)

புதுக் கணக்கை வாங்கிப் பார்த்த பள்ளிக்கூட சார் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "மரணத்தை மாத்தியாச்சு, சந்தோஷம். ஆனா இந்த டோட்டலைப் பார்த்தபிறகுதான் எனக்கு நெஞ்சு வலிக்குது."

பாதிச் சுவர்

கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். அந்தத் தெருவில் பழைய வீட்டின் பின்கட்டை இடித்துக் கட்ட ஒரு மாமா எஸ்டிமேட் கேட்டார். அக்கவுண்ட்ஸில் இருந்து ரிட்டயரானவர். நான் டேப் பிடித்துச் சுவரை அளக்கும்போது பின்னாலேயே வந்து, "பாதிதான் எழுதணும், கேட்டியோ? மீதிப் பாதி பக்கத்தாத்துது" என்றார். சுவரைப் பாதியாக எப்படிக் கட்டுவது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. கட்டுவது முழுசு, கணக்கில் பாதி, பூச்சு இந்தப் பக்கம் மட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மாமாவுக்குப் பரம திருப்தி.

செய்தி சுவரைத் தாண்டிப் போய்விட்டது. மறுநாள் நான் மறுபடி அளக்கப் போனபோது பக்கத்து வீட்டு மாமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "ஏண்டிம்மா, நீதானா கணக்குக்காரி? என் பக்கத்துச் சுவரை யார் பூசுவா?" என்றாள். "மாமி, அது உங்க செலவு. வேணும்னா அதுக்கும் தனியா ஒரு எஸ்டிமேட் போட்டுத் தரேன். நல்ல கனமா பூசிட்டா அந்தப் பக்கத்துச் சத்தம்கூட கேட்காது" என்றேன், வியாபார சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு. மாமி பதறிப்போனாள். "ஐயோ, கனமா வேண்டாம்! கல்யாணமாகி வந்த நாள்லேந்து அவாத்துச் சண்டையைக் கேட்டுண்டுதான் காய் நறுக்கறேன். மெல்லிசாவே பூசச் சொல்லு."

ஒரு சமையலறை, இரண்டு ரகசியம்

ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு ஜோடி. இரண்டு பேரும் சேர்ந்து வந்து பிளானுக்குச் சம்மதித்துவிட்டுப் போனார்கள். அன்று மதியம் மனைவி தனியாகப் போன் செய்தாள்: "சேச்சி, அடுக்களையைக் கொஞ்சம் பெருசாக்குங்க. அவர்கிட்டே சொல்ல வேண்டாம்." சாயங்காலம் கணவன் தனியாகப் போன் செய்தான்: "சேச்சி, அடுக்களையைக் கொஞ்சம் குறைச்சு, மேலே ஒரு பால்கனி வைக்க முடியுமா? அவகிட்டே சொல்ல வேண்டாம்." என் பக்கத்து மேஜையில் படம் வரைகிற பிந்து, "ரெண்டு பேரையும் ஒரே போன்ல கோத்துவிடு, வேடிக்கை பார்க்கலாம்" என்றாள். நான் விடவில்லை. யாரும் கேட்காத உள்நடையில் கொஞ்சம் கிள்ளி, யாரும் பார்க்காத லாஃப்டில் கொஞ்சம் கிள்ளி, மொத்தத் தொகை மாறாமல் அடுக்களையையும் வளர்த்து, பால்கனியையும் ஒட்டவைத்தேன். இரண்டு பேரும் பிளானை விரித்து அவரவர் ரகசியத்தை ஓரக்கண்ணால் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாததுபோலக் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே போகிறபோது அந்தப் பெண் மட்டும் திரும்பி வந்து என் காதோரம் சொன்னாள்: "கல்யாணம் ஆனப்புறம் நாங்க ரெண்டு பேரும் சண்டையில்லாம கையெழுத்துப் போட்டது இதுதான் சேச்சி."

மேலே ஏறி வந்த கணக்கு

இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பொன்முடி எஸ்டேட்டில் காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து கிள்ளிய மாரியம்மாள் அக்காவும் அவர் கணவரும் ரிட்டயராகிவிட்டார்கள். எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். கல்லாறு பக்கம் மலைச்சரிவில் ஒரு துண்டு நிலம் இருந்தது. இரண்டு அறை, ஒரு அடுக்களை, அவ்வளவுதான் ஆசை. இரண்டு கான்ட்ராக்டர்கள் ஏற்கெனவே கணக்குக் கொடுத்திருந்தார்கள். ஒன்று மலிவு, இன்னொன்று அதைவிட மலிவு.

நான் பஸ் பிடித்துப் போனேன். கல்லாறு கடைத்தெருவில் இறங்கினால் அங்கேயே ரோடு முடிந்த மாதிரி. மனைக்குப் போவது ஒற்றையடி ஏற்றம், இடையில் ஒரு ஓடை. கான்வென்டில் பி.டி. பீரியடில் தலைவலி என்று சொல்லி உட்கார்ந்தவள் நான். நடுவில் இரண்டு இடத்தில் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் நிற்கும்போதே மனசில் ஓடிவிட்டது: லாரி கீழேதான் நிற்கும். மணல், கம்பி, சிமென்ட், ஜல்லி எல்லாம் இந்த ஏற்றத்தில் தோளில் ஏற வேண்டும். சாமான் விலையைவிட அது ஏறி வருகிற கூலிதான் கனம். அந்த இரண்டு கணக்கிலும் சுமைகூலி என்று ஒரு வரிகூட இல்லை. பாதி கட்டினபிறகு அந்த வரி தானாக வந்து நிற்கும். அதற்குள் இவர்கள் கையில் இருந்தது கரைந்திருக்கும்.

என் கணக்கு மூன்றிலும் பெரிசு. அதைக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்தேன். வரி வரியாகப் படித்துச் சொன்னேன். ஓடு போட்ட கூரை, கான்கிரீட் வேண்டாம். இந்தச் சுவர் கல்லிலேயே, அதை இங்கேயே உடைத்துக்கொள்ளலாம் என்று எங்கெங்கே குறைக்க முடியுமோ அங்கெல்லாம் குறைத்திருந்தேன். அந்த வீடு முடிந்துவிட்டது, சொன்ன தொகையில். அதன் புகைப்படம் என் போனில் இருக்கிறது, கேட்காதவர்களுக்குக்கூடக் காட்டுவேன். கணக்கைக் கேட்டு முடித்ததும் மாரியம்மாள் அக்கா தன் கணவரிடம் திரும்பிச் சொன்னது இது: "அவுங்க ரெண்டு பேரும் கீழ ரோட்டுல நின்னு கணக்குப் போட்டாக. இந்தப் புள்ளதான் மேல ஏறி, மூச்சு வாங்கிக்கிட்டுப் போட்டுருக்கு."

சொந்தக் கணக்கு

இப்படியெல்லாம் பேர் வாங்கினவள் தன் வீட்டுக்கு எஸ்டிமேட் போடுகிறாள் என்றதும் ஆபீஸில் ஒரே வேடிக்கை. எஞ்சினியர் சார் மட்டும் சிரிக்கவில்லை. "டாக்டர் சொந்தக் குழந்தைக்கு ஊசி போட்டா கை நடுங்கும். நீயும் வேற யாரையாவது போடச் சொல்லு" என்றார். நான் கேட்கவில்லை. மீனுவைத் தூங்கவைத்துவிட்டு, மேலே ஓட்டில் மரப்பட்டி உலாவ, கீழே நான் சுவர் அளந்தேன். ஒவ்வொரு தடவை 'தொம்' என்று விழும்போதும் பேனா ஒரு கிறுக்கு கிறுக்கும். அந்தப் பேப்பரைப் பார்த்தால் எந்த வரி எழுதும்போது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது என்று நானே சொல்லிவிடுவேன்.

சார் அதை இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார். மணலில் கைவைக்க முடியவில்லை, கம்பியில் கைவைக்க முடியவில்லை. மற்றவர்கள் எதிர்பாராச் செலவு என்று ஒரு தொகையைச் சும்மா எழுதிவைப்பார்கள். நான் மழைக்கு இத்தனை, கிணற்றுத் தண்ணீர் வற்றினால் டேங்கர் தண்ணீருக்கு இத்தனை என்று எதிர்பார்த்தே எழுதியிருந்தேன். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே பிந்துவிடம் சொன்னார்: "இவ வீட்டில் ஒரு கரண்டி சிமென்ட் கூடுதலா போட்டா, ராத்திரி எழுந்து வந்து சுரண்டி எடுத்துடுவா."

ஆசாரி கேட்ட கேள்வி

வீடு எழும்பியது. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்: அஸ்திவாரம் கணக்குக்குள் முடிந்தது. சுவர் கணக்குக்குள் முடிந்தது. கூரை கான்கிரீட் போட்ட அன்று மழை பெய்தும் கணக்குக்குள் முடிந்தது. மேஸ்திரி, "மேடத்தோட பேப்பரைப் பார்த்துட்டு நாளைக்கு என்ன வேலைன்னு நானே தெரிஞ்சுக்கறேன்" என்று சொல்லும் அளவுக்கு. பால் காய்ச்சுவதற்கு நல்ல நாள் குறித்து, வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லி, முன்பணத்தையும் திரும்ப வாங்கியாயிற்று. அது கடைசித் தவணை பெயின்டுக்குப் போனது. அதுவும் கணக்கில் இருந்ததுதான்.

பால் காய்ச்சுவதற்கு ஒரு வாரம் முன்னால் மர வேலை செய்கிற ரத்னாகரன் ஆசாரி கூடத்தில் நின்று மரத்தூளைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "மேடம், முன் கதவுக்கு மரம் எங்கே?" படுக்கையறைக் கதவு இருக்கிறது. அடுக்களைக் கதவு இருக்கிறது. குளியலறைக்கு பி.வி.சி. கதவு இருக்கிறது. வீட்டு முகப்பில் பூஜை போட்டு நிறுத்திய நிலை, பொட்டும் பூவுமாக நிற்கிறது. அதில் மாட்ட கதவு இல்லை. எஸ்டிமேட்டை எடுத்துப் புரட்டினேன். எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. முன் கதவை மட்டும் எல்லோரும் அவரவர் இஷ்டத்துக்குச் செதுக்கச் சொல்வார்கள் என்பதால், அந்த வரியை 'வீட்டுக்காரர் விருப்பம்' என்று காலியாக விட்டு, பிறகு அவர்களைக் கேட்டு நிரப்புவோம். தேக்கா பலாவா என்று நான் ஒருவரையும் கேட்காமல் விட்டதில்லை. இந்தத் தடவை வீட்டுக்காரி நானே. என்னை யாரும் கேட்கவில்லை.

இதில் கொடுமை, அந்த வாசலை நான் மறக்கவும் இல்லை. சுவரில் வாசல் வருகிற இடத்துக்குக் கல் வேண்டாம் என்று கழித்திருந்தேன். பூச்சில் கழித்திருந்தேன். பெயின்டிலும் கழித்திருந்தேன். நுணுக்கமாக, சரியாக, அழகாகக் கழித்திருந்தேன். பாராட்டுவதற்குத் தயாராக இருந்த சாரும் அந்தக் கழித்தலைத்தான் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார். ஆபீஸுக்கு வந்து அழாத குறையாகச் சொன்னேன். பிந்து சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மூணு தரம் கழிச்சே, ஒரு தரம்கூட கூட்டலை. சுபா, நீ கட்டினது வீடு இல்லை, பஸ் ஸ்டாப்."

நாய் பேசிய சிபாரிசு

தேதியை மாற்ற வழியில்லை. பால் பொங்கியது, வந்தவர்கள் சாப்பிட்டார்கள், போனார்கள். முன்வாசலில் ஒரு பிளைவுட் பலகையைக் கயிற்றால் கட்டி, அதற்கு முட்டுக்கொடுத்து பீரோவைத் தள்ளி வைத்தேன். மீனுவுக்கு அது புது விளையாட்டு. பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து கூப்பிடுவாள். அந்தப் பலகை காற்றில் அசையும்போதெல்லாம் நான் எழுந்துபோய்க் கயிற்றை இழுத்துக் கட்டுவேன். கணவர் டூட்டிக்குக் கிளம்பும்போது, "ஆபீஸ்ல ஒரு லோன் போட்டுக் கதவு வாங்கிடலாம் சுபா" என்றார். எனக்கு மனசு வரவில்லை. கணக்கைத் தாண்டி ஒரு ரூபாய் போனாலும், இனிமேல் யார் முகத்தைப் பார்த்து என் டோட்டலைச் சொல்வேன்? கதவையும் இந்தக் கணக்குக்குள்ளேயே கண்டுபிடிக்கிறேன் என்றேன்.

கண்டுபிடித்தும் விட்டேன். முகப்புச் சுவருக்கு அலங்காரக் கல் ஒட்டுவதற்கு ஒரு தொகை இன்னும் செலவாகாமல் இருந்தது. ஆனால் அந்தக் கல் என் மாமியார் ஆசைப்பட்டுக் கேட்டது. பால் காய்ச்சுவதற்காக நாகர்கோவிலிலிருந்து வந்தவர், கல் ஒட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று கூடத்திலேயே பாய் விரித்துவிட்டார். எப்படிக் கேட்பது? கேட்க வாயெடுப்பேன், "என்னட்டி?" என்பார், "ஒண்ணுமில்ல அத்தை, காப்பி போடட்டுமா?" என்பேன். அன்று மட்டும் காப்பி எத்தனை போட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

விடியற்காலம் அத்தை போட்ட கூச்சலில் நான் எழுந்து ஓடிவந்தேன். பலகைக்கு அடியில் இருந்த சந்து வழியாகத் தெருநாய் ஒன்று நுழைந்து, பீரோவைச் சுற்றி வந்து, அத்தையின் கால்மாட்டில் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அத்தை பாயின் இந்தக் கோடியில் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீனு மட்டும் நாய்க்கு பிஸ்கட் கொடுக்கலாமா என்று கேட்டாள். நாயை விரட்டி, நான் பீரோவை மறுபடி தள்ளி, அத்தைக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவரே சொன்னார்: "ஏட்டி, சுவத்துல கல்லு ஒட்டுதத நம்ம பொறவு பாத்துக்கிடலாம். மொதல்ல ஒரு கதவ மாட்டு. நேத்து ராத்திரி வந்தது நாயி, இன்னைக்கி என்னது வருமோ."

வீட்டுக்காரர் விருப்பம்

தேக்கு இல்லை, விலை குறைந்த அயனி மரம். செதுக்கல் இல்லை, பூ இல்லை, யானை முகம் இல்லை. அலங்காரக் கல்லுக்கு வைத்திருந்ததில் பலகை, கூலி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் அடங்கியது. காலியாகக் கிடந்த அந்த வரியை நான் நிரப்பியபோது, மொத்தத் தொகையில் ஓர் எண்கூட மாறவில்லை. எஞ்சினியர் சாருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கைதட்டுகிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

மாட்டுகிற அன்று சாயங்காலம் மழை. அத்தையை ஊருக்கு வண்டி ஏற்றிவிட்டு வந்த கணவர் அப்படியே டூட்டிக்குப் போய்விட்டார். கதவு ஈரத்தில் கொஞ்சம் உப்பிக்கொண்டு நிலையில் உட்கார மறுத்தது. ரத்னாகரன் ஆசாரி மூன்று தடவை இறக்கி, இழைத்து, ஏற்றினார். கடைசியில் சத்தமில்லாமல் போய்ப் பொருந்தியது. "மேடம், உள்ளே இருந்து தாழ்ப்பாளைப் போடுங்க. நான் வெளியே நின்னு தள்ளிப் பார்க்கறேன்" என்றார். போட்டேன். அவர் தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஒரு அசைவு இல்லை. இன்னொரு தடவை தள்ளினார். இல்லை. நான் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். மீனு என் புடவையைப் பிடித்து, "அம்மா, ஏன் அழறே?" என்றாள். அழுதேனா, தெரியவில்லை. வெளியே மழை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக ஒரு தட்டல் கேட்டது. "மேடம், கதவு உறுதிதான், சம்மதிச்சேன். திறங்க, என் உளிச் சஞ்சி உள்ளே கிடக்குது."

அந்தப் பையை எடுத்துக் கொடுத்து, டீயும் கொடுத்து அனுப்பினேன். இப்போது மீனு தூங்கிவிட்டாள், கணவர் எர்ணாகுளத்தில் இருக்கிறார், நான் இதை இந்த வரி வரைக்கும் எழுதிவிட்டு எழுந்து போய், உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தேன்: இந்த வீட்டில் நான் கணக்கில் எழுத மறந்த ஒரே ஐட்டம் அந்தக் கதவுதான், இனி ராத்திரிதோறும் இரண்டு தடவை சரிபார்க்கப்போகிற ஒரே ஐட்டமும் அதுதான்.